தூத்துக்குடி வழியே முதன்முறை சரக்கு அனுப்புவோருக்கு: மெத்தில் புரோமைடு ஃபியூமிகேஷன், படிப்படியாக

நிலாவாரை இலை, பத்தமடைக் கோரைப் பாய், பனை ஓலைப் பெட்டி, முருங்கை விதை போன்ற தாவரப் பொருள்களை முதன்முறையாக வெளிநாட்டுக்கு அனுப்பவிருக்கும் திருநெல்வேலி வட்டாரத்துச் சிறு வணிகர்களுக்காக இதை எழுதுகிறேன். மூடிய இடத்தில் நச்சு வாயுவைச் செலுத்திச் சரக்கிலுள்ள பூச்சிகளைக் கொல்லும் சிகிச்சையே ஃபியூமிகேஷன். இந்த வழியை நான் கடந்தபோது ஒவ்வோர் இடத்திலும் அவரவர் பங்கை மட்டும் சொன்னார்களே தவிர, எதற்குப் பின் எது என்பதை எவரும் வரிசையாகச் சொல்லவில்லை. வரிசை மாறினால் பணமும் கப்பலும் போய்விடும் என்பதால், வரிசையையே இங்கு முதன்மையாகக் கொண்டிருக்கிறேன்.

1. எந்த வாயு, எதற்காக என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

மெத்தில் புரோமைடு என்பது ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், ஒரு புரோமின் அணு சேர்ந்த எளிய கரிமச் சேர்மம். இதன் கொதிநிலை ஏறத்தாழ 3.6 டிகிரி செல்சியஸ். ஆகவே சிலிண்டருக்குள் அழுத்தத்தில் திரவமாக இருப்பது, வெளியே வந்ததும் வாயுவாகிவிடும். அந்த வாயு காற்றைவிட மூன்று மடங்குக்கும் சற்று அதிகமான எடையுள்ளது, நிறம் இல்லை, ஆளுக்குத் தீங்கு செய்யும் அளவில் இருக்கும்போதும் மணம் தெரியாது. இறுகக் கட்டிய சிப்பத்துக்குள்ளும் மரத்துக்குள்ளும் ஊடுருவி, முட்டை முதல் வளர்ந்த வண்டு வரை பூச்சியின் எல்லா நிலைகளையும் ஒரே நாளில் கொன்றுவிடும் என்பதால்தான் துறைமுகங்களில் இதற்கு இன்னும் இடம் இருக்கிறது.

ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி வளர்ந்த நாடுகளில் 2005-லும், இந்தியா போன்ற வளரும் நாடுகளில் 2015-லும் இதன் பொதுப் பயன்பாடு நிறுத்தப்பட்டது. தாவரத் தொற்றுத் தடுப்புக்கும், கப்பலேறுவதற்கு முந்தைய சிகிச்சைக்கும் மட்டும் விலக்கு உண்டு. ஆகவே கிட்டங்கியில் கிடக்கும் சரக்கில் வண்டு விழுந்துவிட்டது என்பதற்காக இந்த வாயுவைக் கேட்க இயலாது. ஏற்றுமதி என்ற காரணம் வேண்டும்.

2. விலை பேசும்போதே வாங்குபவரிடம் எழுத்தில் கேளுங்கள்

இந்தப் படியைத்தான் பலரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். சரக்கை என்ன செய்ய வேண்டும் என்பதை முடிவு செய்வது நீங்களோ, உங்களுக்காகச் சுங்க வேலைகளைப் பார்க்கும் கிளியரிங் ஏஜென்டோ அல்ல. சரக்கு இறங்கும் நாட்டின் சட்டமும், அதற்கு மேல் வாங்குபவரின் நிபந்தனையும்தான். அந்த நாட்டில் இறக்குமதி அனுமதிச் சீட்டு தேவைப்படும் சரக்கானால் அதன் நகலை வாங்குபவரிடமிருந்து பெற்றுக்கொள்ளுங்கள். அதில் எந்தச் சிகிச்சை, எவ்வளவு அளவு, எத்தனை மணி நேரம், எந்த வெப்பநிலை, தாவர நலச் சான்றில் கூடுதல் உறுதிமொழி வாசகம் ஏதும் வேண்டுமா என்பவை இருக்கும்.

நாட்டுக்கு நாடு வேறுபாடு பெரிது. ஐரோப்பிய ஒன்றியம் தன் எல்லைக்குள் மெத்தில் புரோமைடு ஃபியூமிகேஷனை 2010 மார்ச் முதல் நிறுத்திவிட்டது. வெளியில் ஃபியூமிகேஷன் செய்த சரக்கு உள்ளே வருவதற்கு அதனாலேயே தடையில்லை என்றாலும், மூலிகை வாங்கும் நிறுவனங்களில் பல இந்த வாயு பட்ட இலையை வேண்டாம் என்றே சொல்லும். இயற்கை வேளாண் சான்று பெற்ற நிலாவாரையானால் பேச்சே இல்லை. இந்த வாயு பட்ட நொடியில் அது இயற்கைச் சரக்கு என்ற தகுதியை இழந்துவிடும். அத்தகைய சரக்குக்குக் கார்பன் டை ஆக்சைடு போன்ற வேறு முறைகளைத்தான் நாட வேண்டும். ஆஸ்திரேலியாவோ, சேமித்த தானியத்தை அழிக்கும் கப்ரா வண்டுக்கு அஞ்சும் நாடு. அந்த வண்டு பரவியுள்ள நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்பதால், அதற்குரிய சிகிச்சை கேட்கப்படும் சரக்குகளுக்கு 21 டிகிரி வெப்பநிலையில் கன மீட்டருக்கு 80 கிராம் வீதம் 48 மணி நேரம் என்று கணக்கு ஏறிவிடும். வழக்கமான 48 கிராம், 24 மணி நேரத்தோடு ஒப்பிட்டால் வாயுவின் செலவும் காத்திருக்கும் நாளும் எவ்வளவு கூடும் என்பது விளங்கும்.

எச்சம் பற்றியும் இப்போதே கேட்டுவிடுங்கள். வாயுவின் பெரும்பகுதி காற்றாட விட்டால் போய்விடும். ஆனால் ஒரு பகுதி சரக்கிலுள்ள புரதங்களோடு வினைபுரிந்து புரோமைடு அயனியாகத் தங்கிவிடும். அது எத்தனை நாள் காற்றாட விட்டாலும் போகாது. அதே சரக்குக்கு இரண்டாம் முறை வாயு கொடுத்தால் இன்னும் கூடும். உண்ணும் பொருளுக்கும் மூலிகைக்கும் வாங்குபவர் ஏற்கும் புரோமைடு அளவு எவ்வளவு என்பதை எழுத்தில் பெறுங்கள். கடலோர மண்ணில் விளைந்த இலையில் இயல்பாகவே சிறிது புரோமைடு இருக்கக்கூடும். ஆதலால் வாயு கொடுப்பதற்கு முன்பே ஒரு மாதிரி எடுத்துச் சோதித்து வைத்துக்கொள்வது, பின்னால் வரும் வழக்கைத் தவிர்க்கும்.

3. மரச்சட்டங்களைத் தனியாகக் கணக்கிடுங்கள்

சரக்குக்குச் சிகிச்சை தேவையில்லாவிட்டாலும், அதைத் தாங்கும் மரப் பலகைத் தட்டுகளுக்கும் பெட்டிகளுக்கும் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற பன்னாட்டு விதி பொருந்தும். இதற்கு மெத்தில் புரோமைடு ஒரு வழி. மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் இருக்கும்படி சூடேற்றுவது இன்னொரு வழி. சிகிச்சை பெற்ற மரத்தில் தானியக் கதிர்ச் சின்னம், நாட்டுக் குறியீடு, சிகிச்சை செய்தவரின் எண், முறையின் குறியீடு ஆகியவை பதிந்திருக்க வேண்டும். ஒட்டுப்பலகைக்கும், 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத மெல்லிய மரத்துக்கும் இவ்விதி இல்லை.

என் கருத்து, சூடேற்றிய தட்டுகளையே வாங்கிவிடுங்கள் என்பதுதான். எந்த நாட்டிலும் கேள்வி வராது. முத்திரை அழிந்த பழைய தட்டுகளை மலிவு என்று வாங்குவது, அங்கே போய்ச் சரக்கோடு திரும்பி வருவதற்கு வழி.

4. இந்த வாயு ஆகாத பொருள்களைப் பிரித்துவிடுங்கள்

கந்தகம் உள்ள பொருள்களோடு மெத்தில் புரோமைடு வினைபுரிந்து, எளிதில் போகாத நாற்றத்தை உண்டாக்கும். ரப்பர், குறிப்பாக நுரை ரப்பர், கம்பளி, தோல், இறகு, சில வகைக் காகிதங்கள் ஆகியவை இந்தப் பட்டியலில் அடங்கும். நம் பக்கத்துச் சரக்குக்கு இது எங்கே இடிக்கும் என்றால், ரப்பர் அடிப்பாகம் ஒட்டிய தென்னை நார் மிதியடிகளிலும், தோல் வார் தைத்த கோரைக் கைப்பைகளிலும்தான். இவற்றைப் பாய்களோடு ஒரே கன்டெய்னரில் ஏற்றி ஃபியூமிகேஷன் செய்துவிட்டால், அங்கே கதவைத் திறக்கும்போது பாயும் சேர்ந்து நாறும்.

சிரட்டைக் கரி வாயுவை உறிஞ்சித் தன்னுள் வைத்துக்கொள்ளும். அதனால் உடனிருக்கும் சரக்குக்குத் தேவையான செறிவு கிடைக்காமல் போகும். விதைப்புக்கென்று போகும் முருங்கை விதையில் ஈரம் மிகுந்திருந்தால் முளைப்புத் திறன் குறையும். எண்ணெய்ச் சத்து மிகுந்த பொருள்கள் வாயுவை மிகுதியாக ஏற்கும். இவை எவையேனும் இருந்தால் பாஸ்பைன் என்ற வேறு ஃபியூமிகேஷன் வாயு பொருந்துமா என்று கேளுங்கள். அதற்கு மெத்தில் புரோமைடைவிடப் பல நாள்கள் கூடுதலாகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

5. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள்

இந்த வாயுவை நீங்களே வாங்கிப் பயன்படுத்தச் சட்டம் இடந்தராது. 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் இது கட்டுப்படுத்தப்பட்ட பயன்பாட்டுக்குரிய பொருள். ஏற்றுமதிச் சான்று செல்லுபடியாக வேண்டுமானால், ஃபரீதாபாதில் தலைமையகம் கொண்ட தாவரப் பாதுகாப்பு, தொற்றுத் தடுப்பு மற்றும் சேமிப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் பெற்ற நிறுவனமே ஃபியூமிகேஷன் செய்திருக்க வேண்டும். இயக்ககத்தின் தளத்தில் அங்கீகாரம் பெற்றவர்களின் பட்டியல் உள்ளது. நிறுத்திவைக்கப்பட்டவர்களின் பெயரும் வருவதுண்டு என்பதால், சென்ற ஆண்டு பார்த்தேன் என்று விட்டுவிடாமல் ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஆஸ்திரேலியாவுக்கானால் அந்நாடு ஏற்கும் பட்டியலிலும் அந்நிறுவனம் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. வாயுவே விடாமல், கன்டெய்னர் எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு சான்று தர முன்வருபவர்களும் இந்தத் தொழிலில் உண்டு. "சாயங்காலமே சான்று கைக்கு வந்துவிடும்" என்று எவராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். 24 மணி நேரச் சிகிச்சைக்குச் சாயங்காலமே சான்று வருவது எப்படி? அங்கே உயிருள்ள வண்டு ஒன்று கிடைத்தால் போதும். திருப்பி அனுப்பும் செலவும், மறு சிகிச்சைச் செலவும் உங்கள் தலையில்தான் விழும்.

6. ஆவணங்களை முன்கூட்டியே அடுக்குங்கள்

முதலில் இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண். விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய்; இணையத்திலேயே பெறலாம். எந்த மாற்றமும் இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அதை ஒருமுறை புதுப்பித்து உறுதி செய்ய வேண்டும். மறந்தால் எண் முடங்கிவிடும். சரக்கு துறைமுகத்தில் நிற்கும்போதுதான் அது தெரியவரும். அடுத்து ஜி.எஸ்.டி. பதிவு, ஏற்றுமதிப் பணத்தைப் பெறும் வங்கிக் கிளையின் அடையாள எண்ணான ஏ.டி. குறியீட்டைத் தூத்துக்குடிச் சுங்கத்தில் பதிவு செய்தல், விலைப்பட்டியல், சிப்பப் பட்டியல், ஒப்பந்தம் அல்லது கொள்முதல் ஆணை, முன்பு சொன்ன இறக்குமதி அனுமதிச் சீட்டின் நகல்.

தாவர நலச் சான்றுக்கு, அதாவது எல்லோரும் பைட்டோ என்று சொல்வதற்கு, தாவரத் தொற்றுத் தடுப்புத் துறையின் பி.க்யூ.எம்.எஸ். தளத்தில் பதிவு செய்து விண்ணப்பிக்க வேண்டும். தூத்துக்குடியிலேயே தாவரத் தொற்றுத் தடுப்பு நிலையம் உள்ளது. விண்ணப்பத்தில் தாவரவியல் பெயரைக் கேட்பார்கள். நிலாவாரைக்குச் சென்னா அலெக்சாண்ட்ரினா என்றும், காசியா அங்குஸ்டிஃபோலியா என்றும் இரு பெயர்களும் வழக்கில் இருக்கின்றன. விலைப்பட்டியலில் ஒன்றும் சான்றில் மற்றொன்றுமாக வந்தால் அங்குள்ள அதிகாரிக்கு அவை இரண்டு வெவ்வேறு செடிகள். இறக்குமதி அனுமதியில் எந்தப் பெயர் உள்ளதோ அதையே எல்லாத் தாளிலும் எழுதுங்கள்.

அதிகாரி மாதிரி எடுப்பது கன்டெய்னரில் ஏற்றுவதற்கு முன்பா பின்பா என்பதை விண்ணப்பிக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கதவு வரை அடைத்து ஏற்றிவிட்டால், மாதிரிக்காகப் பாதிச் சரக்கை இறக்க நேரிடும். அந்தக் கூலியும் உங்களுடையதே.

7. வாயு புகும்படி கட்டி, புகும்படி ஏற்றுங்கள்

சாக்குப் பைக்குள் வாயு எளிதாகப் போகும். பிளாஸ்டிக் உறைக்குள் போகாது. நிலாவாரைச் சிப்பத்தின் உள்ளே பாலிதீன் உறை போட்டிருந்தாலும், பாய்ச்சுருளைப் பளபளவென்று உறையிட்டிருந்தாலும், வாயு கொடுப்பதற்கு முன் அவற்றைத் துளையிடவோ திறந்துவைக்கவோ வேண்டும். உறையிடுவதைச் சிகிச்சைக்குப் பின் வைத்துக்கொள்ள முடிந்தால் அதுவே நல்லது.

ஏற்றும்போது மேலே ஒரு சாண் அளவு இடைவெளி விடுங்கள். கீழே தட்டுகள் இருந்தால் வாயு அடியிலும் பரவும். கூரை வரை திணித்தால் வாயு கதவுப் பக்கத்திலேயே நின்றுவிடும். சரக்கு நன்றாக உலர்ந்திருக்க வேண்டும் என்பதையும் சொல்லத் தேவையில்லை.

ஃபியூமிகேஷனை எங்கே வைத்துக்கொள்வது என்ற கேள்வி வரும். பேட்டையிலோ தச்சநல்லூரிலோ வீடுகளுக்கு நடுவே உள்ள கிட்டங்கியில் வேண்டவே வேண்டாம். தூத்துக்குடியில் கன்டெய்னர் சரக்கு நிலையத்தில் செய்துகொள்வதே பாதுகாப்பு. வாயு உள்ளிருக்கும் கன்டெய்னரை லாரியில் ஏற்றி ஐம்பது கிலோமீட்டர் பொதுச்சாலையில் கொண்டுபோகலாம் என்று எவர் சொன்னாலும் கேளாதீர்கள்.

8. வாயு ஏற்றும்போது நேரில் நின்று பாருங்கள்

உங்கள் சார்பில் ஒருவராவது அங்கிருக்க வேண்டும். முதலில் கன்டெய்னரின் இறுக்கம் சோதிக்கப்படும்: உள்ளே அழுத்தம் ஏற்றி, அது 200 பாஸ்கலிலிருந்து 100-க்கு இறங்க 10 நொடிக்குக் குறையாமல் ஆக வேண்டும். அதில் தேறாத கன்டெய்னரை வாயு கசியாத விரிப்பால் மூடி, விளிம்புகளை மணல் நிரப்பிய நீளப் பைகளால் தரையோடு அழுத்துவார்கள். வெடிப்புள்ள தரையானால் வாயு அடியில் ஒழுகிவிடும்.

சிலிண்டரிலிருந்து வரும் குழாய் நேரே கன்டெய்னருக்குப் போகக் கூடாது. வெந்நீர்த் தொட்டியில் அமிழ்ந்த சுருள்குழாய் வழியே போக வேண்டும். வெந்நீர் இல்லாமல் திறந்தால் வெளியில் கொளுத்தும் சித்திரை வெயிலாக இருந்தாலும் குழாயின் மேல் வெண்பனி படியும். உள்ளே வாயுவுக்குப் பதில் குளிர்ந்த திரவம் சொட்டிச் சரக்கைக் கறைப்படுத்தும். வாயு கனமானது என்பதால் உள்ளே மின்விசிறி ஓட வேண்டும். சிலிண்டர் நிற்கும் தராசில் எடை எவ்வளவு குறைந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கணக்கு எளிது. இருபதடிக் கன்டெய்னரின் கொள்ளளவு ஏறத்தாழ 33 கன மீட்டர். கன மீட்டருக்கு 48 கிராம் என்றால் 1,584 கிராம். நம் நாட்டில் கிடைக்கும் வாயுவில் 98 விழுக்காடே மெத்தில் புரோமைடு. மீதி 2 விழுக்காடு, கண்ணில் நீர் வரவழைத்து எச்சரிக்கும் குளோரோபிக்ரின். அதையும் ஈடுசெய்தால் ஏறத்தாழ 1,616 கிராம் இறங்கியிருக்க வேண்டும். நாற்பதடிக் கன்டெய்னருக்கு ஏறத்தாழ இரட்டிப்பு. சரக்கின் அளவைக் கழிக்காமல், கன்டெய்னரின் முழுக் கொள்ளளவுக்கே கணக்கிட வேண்டும். 21 டிகிரிக்குக் கீழே வெப்பநிலை இறங்கினால் அளவு கூடும். தூத்துக்குடியில் மார்கழி விடியலிலும் அது அரிது, ஆனால் செங்கோட்டைப் பக்கம் கிட்டங்கி வைத்திருப்போர் இரவு வெப்பநிலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாயு ஏற்றியதோடு வேலை முடிவதில்லை. உள்ளே வெவ்வேறு இடங்களில் வைத்த மெல்லிய குழாய்கள் வழியே செறிவை அளந்து எழுத வேண்டும். மரச்சட்டங்களுக்கான விதியில் 2, 4, 24 ஆகிய மணிகளில் அளக்க வேண்டும். 21 டிகிரியில் 24-ஆம் மணியில் கன மீட்டருக்கு 24 கிராமாவது எஞ்சியிருக்க வேண்டும். அந்த அளவீட்டுத் தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வாயு உண்மையில் நின்றது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

9. கதவைத் திறப்பதில் அவசரம் வேண்டாம்

இந்த வாயுவின் நஞ்சு உடனே தெரியாது. தலைவலி, மயக்கம், குமட்டல், பார்வை மங்கல், கை நடுக்கம் ஆகியவை பல மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். பிறகு வலிப்பும் நுரையீரலில் நீர் கோப்பதும் வரலாம். இதற்கென்று தனி மாற்று மருந்து கிடையாது. தோல் வழியாகவும் உள்ளே போகும். ரப்பர் கையுறையும் தோல் செருப்பும் அதைத் தடுப்பதற்குப் பதிலாக உள்ளே பிடித்துவைத்துத் தோலைப் பொசுக்கும். தேர்ந்த பணியாளர் வேலைக்கு முன் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவைப்பதும், கையுறை அணியாமல் இருப்பதும் இதனால்தான். அதைக் கண்டு அலட்சியம் என்று எண்ணிவிட வேண்டாம். முகமூடி இல்லாமல் இருந்தால் மட்டும் கேளுங்கள்.

24 மணி நேரம் முடிந்ததும் கதவைத் திறந்து, விசிறி வைத்துக் காற்றாட விட்டு, உள்ளே செறிவு 5 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் 5 பங்கு) அளவுக்கு மேல் இல்லை என்று அளந்த பிறகே எவரும் நுழையலாம். சுடரின் நிறம் மாறுவதை வைத்துக் கசிவு பார்க்கும் விளக்கு இதற்குப் போதாது. குறைந்த செறிவைக் காட்டும் கருவியோ கண்ணாடிக் குழாயோ வேண்டும். இறுகக் கட்டிய சிப்பங்கள் வாயுவை மெல்ல மெல்ல விடுவதால், ஒருமுறை அளந்து மூடிய கன்டெய்னரில் மறுபடியும் செறிவு ஏறலாம். உங்கள் சுமைப் பணியாளர்களுக்கு இதை முன்பே சொல்லிவையுங்கள். எவருக்காவது உடல்நிலை சரியில்லை என்றால் 108-ஐ அழைத்து, மெத்தில் புரோமைடு என்ற பெயரை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

10. சான்றைக் கையில் வாங்குமுன் எழுத்தெழுத்தாகப் படியுங்கள்

ஃபியூமிகேஷன் சான்றில் நிறுவனத்தின் பதிவு எண், வாயுவின் பெயர், நாள், இடம், அளவு, நேரம், குறைந்தபட்ச வெப்பநிலை, கன்டெய்னர் எண், சரக்கு விவரம், பெறுபவர் பெயர் ஆகியவை இருக்கும். பைட்டோ சான்றிலும் சிகிச்சைக்கென்று ஒரு பகுதி உண்டு. நாள், வேதிப்பொருள், நேரமும் வெப்பநிலையும், செறிவு ஆகியவை அங்கே இடம்பெறும். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கன்டெய்னர் எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் அங்கே சரக்கு நிற்கும். கப்பல் போன பிறகு திருத்தம் கேட்பதைவிட, கிளம்புவதற்கு முன் அரை மணி நேரம் செலவிடுவது மேல்.

11. செலவும் நாளும்

விலைப்புள்ளி கேட்கும்போது "கன்டெய்னருக்கு எவ்வளவு" என்று மட்டும் கேட்காதீர்கள். வாயுவின் அளவு கூடினால் எவ்வளவு, விரிப்பு போட நேர்ந்தால் எவ்வளவு, பணியாளர் போக்குவரத்து, சான்றுக்குத் தனிக் கட்டணம் உண்டா, மறுமுறை வாயு கொடுக்க நேர்ந்தால் யார் பொறுப்பு என்று பிரித்துக் கேளுங்கள். விளைபொருள் கிட்டங்கியில் செய்யும் ஃபியூமிகேஷனுக்கு முன்பு இருந்த ஜி.எஸ்.டி. விலக்கு 2022 ஜூலை 18 முதல் எடுக்கப்பட்டுவிட்டது. 18 விழுக்காடு சேர்த்தே கணக்கிடுங்கள். ஏற்றுமதி பூஜ்ய வரிக்குரியது என்பதால் அந்த வரியை உள்ளீட்டு வரவாகத் திரும்பக் கோரலாம். அதற்குப் பட்டியலில் உங்கள் ஜி.எஸ்.டி. எண் சரியாக இருக்க வேண்டும். இவற்றோடு பைட்டோ கட்டணம், நிலையத்தில் கன்டெய்னர் நிற்கும் வாடகை, கப்பல் நிறுவனம் தரும் இலவச நாள்களுக்கு மேல் ஆகும் தாமதக் கட்டணம், தேவையானால் புரோமைடு சோதனைக் கட்டணம்.

நாள்களைக் கப்பலின் கடைசி ஏற்பு நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஏற்றுவதற்கு ஒரு நாள், வாயுவுக்கு ஒரு முழு நாள், காற்றாட விடவும் அளக்கவும் அரை நாளுக்குக் குறையாமல், பைட்டோ ஆய்வுக்கும் சான்றுக்கும் வேலை நாள்கள். இடையில் ஞாயிறோ அரசு விடுமுறையோ வந்தால் அதையும் சேர்க்க வேண்டும். கப்ரா வண்டுச் சிகிச்சையானால் வாயுவுக்கு இரண்டு நாள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெளியே விரிப்பு போட்டு வேலை நடக்காது. அந்தப் பருவத்தில் இன்னும் இரண்டு மூன்று நாள் கைவசம் வையுங்கள்.

முன்கூட்டியே செய்துவைத்துவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். கப்பலேறுவதற்கு முந்தைய சிகிச்சை என்பது ஏற்றுமதிக்கு முன் 21 நாள்களுக்குள் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். கப்பல் தள்ளிப்போய் அந்தக் கெடு கடந்தால், மறுபடி வாயு கொடுப்பதற்கு முன் வாங்குபவரிடம் புரோமைடு வரம்பை ஒருமுறை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.